சிறை மருத்துவ நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களின் பணிப்பயிற்சிக்கு நிதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், வாளையார் பகுதிகளிலிருந்து சிறைத் துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் பணிக்குச் சென்றிருக்கும் தமிழர்களும், சிறைவாசிகளிடையே வேலை செய்யும் சிறு தொண்டு நிறுவனங்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஆந்திர எல்லையில் இருப்பவர்களுக்கென ஒரு தனிக் கேள்வியும் உண்டு.

சிறை மருத்துவ நிர்வாகி என்று யாரைச் சொல்கிறோம்? அப்படி ஒரு பதவி இருக்கிறதா?

அந்தப் பெயரில் பதவி கிடையாது. வேலை மட்டும் இருக்கிறது. அது பலர் கையில் சிதறிக் கிடக்கிறது. புதிதாக உள்ளே வருபவரைப் பரிசோதித்துப் பதிவு செய்வது மருத்துவ அலுவலரின் பொறுப்பு. மருந்து இருப்பைப் பார்ப்பது மருந்தாளுநர். மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புவதற்குக் காவல் துணையும் வண்டியும் ஏற்பாடு செய்வது கண்காணிப்பாளரின் அலுவலகம். குடும்பத்தாரிடமிருந்து பழைய மருத்துவச் சீட்டை வரவழைப்பது பெரும்பாலும் நலவாழ்வு அலுவலர். கிளைச்சிறைகளில் முழுநேர மருத்துவரே இல்லாதபோது, இவற்றில் பாதியை ஓர் உதவிக் கண்காணிப்பாளரோ எழுத்தரோதான் செய்துகொண்டிருப்பார்.

ஆகவே நிதி கேட்டு எழுதும் கருத்துருவின் முதல் பத்தியிலேயே, யார் யாருக்குப் பயிற்சி என்பதைப் பதவிப் பெயரோடு எழுதிவிட வேண்டும். பொத்தாம்பொதுவாக ‘நிர்வாகிகள்’ என்று எழுதினால், சிறைத் துறை அதைச் சுகாதாரத் துறைக்கும் சுகாதாரத் துறை அதைச் சிறைத் துறைக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பயிற்சிக்கென்றே தனி மானியத் திட்டம் உண்டா?

இல்லை. இருப்பதாக யாராவது சொன்னால் அரசாணை எண்ணைக் கேளுங்கள். இதற்கான பணம் வேறு பெயர்களில், வேறு திட்டங்களின் பயிற்சிக் கூறுகளுக்குள் இருக்கிறது. எந்தக் கூறில் நம் தேவை பொருந்துகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை.

அப்படியானால் பணம் எந்தெந்த வழிகளில் வருகிறது?

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் சிறைகள் மாநிலப் பட்டியலின் 4ஆம் பதிவிலும், பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அதே பட்டியலின் 6ஆம் பதிவிலும் இருக்கின்றன. எனவே முதல் வழி மாநில அரசின் சொந்த வரவுசெலவுத் திட்டம்தான். கேரளத்தில் சிறைப் பணியாளர்களின் பயிற்சி திருவனந்தபுரத்திலுள்ள சிக்கா எனப்படும் மாநிலச் சிறை நிர்வாகப் பயிற்சி நிறுவனத்தின் வழியாக நடக்கிறது. அதன் ஆண்டுப் பயிற்சி அட்டவணையில் மருத்துவ நிர்வாகத்துக்கென ஒரு வகுப்பைச் சேர்க்கச் செய்வது, புதிதாக நிதி கேட்டு அலைவதைவிட எளிது. வகுப்பறை, தங்குமிடம், உணவு ஆகியவற்றை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அனுப்பும் அலுவலகம் பயணப்படியைப் பார்த்தால் போதும்.

இரண்டாவது வழி தேசிய நலவாழ்வு இயக்கம், கேரளத்தில் ஆரோக்கிய கேரளம் என்ற பெயரில் செயல்படுவது. கேரளத்துக்கும் ஆந்திரத்துக்கும் இதில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற விகிதத்தில் செலவு பகிரப்படுகிறது. மாவட்ட அளவில் செயல்திட்டம் தயாரித்து, அது மாநிலத் திட்டத்தில் சேர்ந்து, தில்லியின் ஒப்புதலோடு திரும்பி வரும். காசநோய் ஒழிப்பு, மனநலம், தொற்றாநோய் என ஒவ்வொரு பிரிவிலும் பயிற்சிக்கு ஒரு வரி இருக்கும். மாவட்டத் திட்டம் எழுதப்படும் மாதங்களில் மாவட்டத் திட்ட மேலாளரின் மேசையில் உங்கள் தாள் இருக்க வேண்டும். ஏப்ரலில் நிதியாண்டு தொடங்கிய பிறகு போனால், ‘அடுத்த திட்டத்தில் பார்க்கலாம்’ என்ற பதில்தான் கிடைக்கும். என் கணிப்பில் இந்த வழியே மிகவும் பயனுள்ளது, மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். சிறைக்காரர்கள் இதைச் சுகாதாரத் துறையின் பணம் என்று விட்டுவிடுகிறார்கள். சுகாதாரத் துறையினருக்குச் சிறை நினைவுக்கு வருவதில்லை.

மூன்றாவது, எய்ட்ஸ் கட்டுப்பாட்டு வழி. சிறைகளும் பிற மூடிய இடங்களும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் பணியில் ஒரு தனிப் பகுதி. மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் மூலம் சிறைப் பணியாளர்களுக்குப் பயிற்சி கேட்கலாம். பாடம் எச்.ஐ.வி., காசநோய், பால்வினை நோய், கல்லீரல் அழற்சி ஆகியவற்றைச் சுற்றியே இருக்கும். மருந்து இருப்புக் கணக்கோ பணியாளர் நிர்வாகமோ அதில் வராது.

நான்காவது, உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகம். 1970இல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பில் 1995 முதல் சிறைச் சீர்திருத்த நிர்வாகத்துக்கென ஒரு பிரிவும் இருக்கிறது. சிறை அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்புகளை இது ஆதரிக்கிறது. இடங்கள் குறைவு, பெயரைப் பரிந்துரைப்பது மாநிலச் சிறைத் தலைமையகம்.

சிறை நவீனமயமாக்கல் திட்டத்தில் 950 கோடி ரூபாய் இருக்கிறதே, அதில் கேட்க முடியாதா?

2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு அந்தத் தொகை ஒதுக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அதன் முதன்மை நோக்கம் சிறைகளுக்கான நவீனப் பாதுகாப்புக் கருவிகள். மருத்துவ நிர்வாகப் பயிற்சியை அதற்குள் திணித்து எழுதப்படும் கருத்துரு மாநிலத் தலைமையகத்தைத் தாண்டாது.

எந்தச் சட்ட விதியை மேற்கோள் காட்டினால் கோரிக்கைக்கு வலு சேரும்?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவை முதலில் எழுதுங்கள். பொதுச் சுகாதார நிலையங்களின் மருத்துவ அலுவலர்கள் அனைவருக்கும், சிறைகளின் மருத்துவ அலுவலர்கள் அனைவருக்கும், அடிப்படை மனநலச் சிகிச்சையிலும் அவசர மனநலச் சிகிச்சையிலும் குறைந்தபட்சம் பயிற்சி தருவது அரசின் கடமை என்று அந்தப் பிரிவு சொல்கிறது. சிறை மருத்துவருக்குப் பயிற்சி தந்தாக வேண்டும் என்று இவ்வளவு நேரடியாக நாடாளுமன்றச் சட்டம் பேசும் இடம் அரிது. அதே சட்டத்தின் 103ஆம் பிரிவு, சிறையில் மனநோயுள்ளவர்கள் எவரும் வைக்கப்பட்டிருக்கவில்லை எனச் சான்றளித்துக் காலாண்டுக்கு ஒரு முறை உரிய மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்பும் பொறுப்பைச் சிறை மருத்துவ அலுவலர்மேல் வைக்கிறது. அதையொட்டி ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநலச் சிகிச்சை நிலையம் வேண்டும் என்றும் கூறுகிறது. யாரை எந்த மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும், அதற்கு எந்தத் தாள் வேண்டும் என்று தெரியாதவர் அந்தக் காலாண்டு அறிக்கையில் கையெழுத்திட முடியாது. பயிற்சியின் தேவையை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

அடுத்து 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டம். உள்ளே வருபவரைப் பரிசோதிப்பது 24ஆம் பிரிவிலும், மருத்துவ அலுவலர் தரும் அறிவுரைகளைப் பதிந்து வைப்பது 38ஆம் பிரிவிலும், ஒவ்வொரு சிறையிலும் மருத்துவமனையோ தகுந்த இடமோ இருக்க வேண்டும் என்பது 39ஆம் பிரிவிலும் வருகின்றன. கேரளத்தில் முதன்மையாக 2010ஆம் ஆண்டின் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் சட்டத்தையும் 2014 விதிகளையும் காட்ட வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேட்டில் மருத்துவத்துக்கும் பணியாளர் பயிற்சிக்கும் தனித்தனி அதிகாரங்கள் உள்ளன.

மரணங்கள் தொடர்பான கடமைகளையும் மறக்க வேண்டாம். காவலில் நிகழும் மரணத்தை 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1993 டிசம்பரிலிருந்து நடப்பில் உள்ள அறிவுறுத்தல். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு 2024 ஜூலையில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவரின் விசாரணையும் உண்டு. அந்த விசாரணையில் முதலில் கேட்கப்படுவது மருத்துவப் பதிவேடுதான்.

ஐ.நா. பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில், வெளியே சமூகத்துக்குக் கிடைக்கும் அதே தரத்தில் சிறையிலும் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்பது 24ஆம் விதி. இதை ஒரு வரியில் சொல்லி நிறுத்திக்கொள்வது நல்லது. உள்ளூர் நிதி அலுவலரை நகர்த்துவது ஐ.நா. தீர்மானம் அல்ல, தம் மாநிலச் சட்டத்தில் உள்ள ‘வேண்டும்’ என்ற சொல்.

எல்லையோரச் சிறைகளுக்கென்று தனியாக எதைக் கேட்கலாம்?

இதைத்தான் நம் பகுதியினர் கருத்துருவின் நடுவில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. வாளையாரில் ஒருவர் பிடிபடுகிறார். மலம்புழாவிலுள்ள மாவட்டச் சிறைக்கு வருகிறார். பொள்ளாச்சி அரசு மருத்துவமனையில் இரண்டு மாதமாகக் காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். அச்சத்திலும் குழப்பத்திலும் அதை அவர் சொல்வதில்லை. மலையாளத்தில் கேட்கும் கேள்வி அவருக்குப் பாதி புரிகிறது. ‘நோய் ஏதும் உண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று தலையாட்டுகிறார். சேர்க்கைப் படிவத்தில் ஒரு கோடு விழுகிறது. மாத்திரை நின்றுவிடுகிறது. காசநோயில் இப்படி இடையில் நிற்பது, மருந்துக்குக் கட்டுப்படாத நோயாக மாறுவதற்கு வழி திறந்துவிடும். நெரிசலான ஓர் அறையில் அது அவரோடு நிற்கவும் செய்யாது.

அதே மனிதரிடம், ‘சளிக்கு, இருமலுக்கு மாத்திரை சாப்பிடுகிறாயா? எந்த ஆஸ்பத்திரி? சீட்டு வீட்டில் யாரிடம் இருக்கிறது?’ என்று தமிழில் ஒருவர் கேட்டால் விவரம் வந்துவிடும். காசநோயாளிகளைப் பதிவு செய்யும் நிக்ஷய் இணையத்தளம் நாடு முழுமைக்கும் ஒன்றுதான். அவருக்கு அங்கே ஏற்கெனவே ஓர் அடையாள எண் இருக்கும். பாலக்காட்டின் காசநோய்ப் பிரிவு அந்தப் பதிவைத் தன் பக்கம் மாற்றிக்கொண்டால் சிகிச்சை தொடரும். எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கும் ஒரு மையத்திலிருந்து இன்னொரு மையத்துக்கு மாற்றும் நடைமுறை இருக்கிறது. மனநல மருந்துக்கு அப்படி ஓர் இணைய வசதியை நம்ப முடியாது; தொலைபேசியை எடுத்துப் பழைய மருத்துவமனையைக் கேட்பதே வழி. பிணை உத்தரவு மாலையில் வந்து, கையில் மாத்திரையோ மாற்றுச் சீட்டோ இல்லாமல் அவர் கோயம்புத்தூர்ப் பேருந்தில் ஏறிவிடுவது இதன் மறுபக்கம்.

இவை மருத்துவ அறிவு போதாமையால் வரும் சிக்கல்கள் அல்ல. பதிவு, தகவல், கைமாற்றம் ஆகியவற்றில், அதாவது நிர்வாகத்தில் வரும் சிக்கல்கள். ஆகவே ‘எல்லை தாண்டும் நோயாளிகளின் சிகிச்சைத் தொடர்ச்சி’ என்ற தலைப்பில், பாலக்காடு, கோயம்புத்தூர் ஆகிய இரு பக்கச் சிறைப் பணியாளர்களையும் காசநோய், எய்ட்ஸ் பிரிவுகளையும் ஒரே அறையில் உட்காரவைக்கும் இரண்டு நாள் பயிற்சியைக் கேட்கலாம். ஒரு மாநிலத்தின் நிதியில் இன்னொரு மாநில அலுவலரின் பயணப்படியைக் காட்டினால் தணிக்கையில் கேள்வி வரும் என்பதால், இடமும் உணவும் நடத்தும் மாநிலத்தின் செலவு, பயணம் அவரவர் துறையின் செலவு என்று தொடக்கத்திலேயே பிரித்து எழுதிவிட வேண்டும்.

வேலூர்ப் பயிற்சி நிறுவனத்தை நாடலாமா? ஆந்திரச் சித்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு என்ன வழி?

தென்மாநிலங்களின் கூட்டு முயற்சியாக 1979இல் வேலூரில் தொடங்கப்பட்ட சிறை மற்றும் சீர்திருத்த நிர்வாகப் பயிற்சி நிறுவனம், தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், கர்நாடகம் ஆகியவற்றின் சிறை அலுவலர்களுக்கெனவே உருவானது. ஆந்திரச் சித்தூரிலிருந்து வேலூர் மிக அருகில் இருப்பதால், நகரி, புத்தூர், சித்தூர்ப் பகுதிகளில் பணியாற்றுபவர்கள் தொலைவிலுள்ள இடங்களுக்குச் செல்வதைவிட வேலூர் வகுப்பில் இடம் கேட்பது செலவிலும் குறைவு, மொழியிலும் இலகு. ஆனால் இடம் ஒதுக்குவது அந்தந்த மாநிலச் சிறைத் தலைமையகம். வேலூருக்கு நேரடியாக எழுதிப் பயனில்லை. கேரளத்தின் சட்டமும் விதிகளும் ஆந்திரத்துக்குப் பொருந்தாது என்பதால், மேலே சொன்னவற்றில் மத்தியச் சட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்ளவும்.

ஓர் அலுவலர் தன் பெயரில் மானியத்துக்கு விண்ணப்பிக்கலாமா?

அரசு மானியம் நிறுவனத்துக்குத்தான் கிடைக்கும், ஆளுக்குக் கிடைக்காது. அரசு ஊழியர் எதைக் கேட்டாலும் முறையான வழியில், மேலதிகாரி மூலமாகவே கேட்க வேண்டும். படிப்பு விடுப்பு, தடையின்மைச் சான்று, கட்டணத்தைத் திரும்பப் பெறுதல் ஆகியவை தனிநபருக்கானவை. அவற்றுக்குத் துறையின் பணி விதிகளைப் பார்க்கவும். கேரளத்தில் சிறை மருத்துவர் சுகாதாரத் துறையிலிருந்து வருபவராதலால், அவருடைய விண்ணப்பம் இரண்டு துறைகளின் கையெழுத்தையும் பெற வேண்டியிருக்கும். அதற்கான காலத்தையும் கணக்கில் வையுங்கள்.

தொண்டு நிறுவனம் நிதி திரட்டிச் சிறைப் பணியாளர்களுக்குப் பயிற்சி தர முடியுமா?

முடியும், சிறைத் தலைமையகத்தின் எழுத்து அனுமதி முதலில் வேண்டும். பணம் வந்த பிறகு அனுமதி கேட்கலாம் என்று நினைத்து மாட்டிக்கொண்ட நிறுவனங்கள் உண்டு.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி ஒரு வழி. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய வரம்புகளில் ஏதேனும் ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருப்பதால் இந்த வழி பலருக்கும் தோன்றுகிறது. பெறும் நிறுவனம் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ‘அரசு ஊழியருக்குப் பயிற்சி’ என்று எழுதினால், அது அரசின் வேலைதானே என்று கம்பெனி பின்வாங்கும். கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலுள்ள நோய்த்தடுப்பு, மருத்துவப் பராமரிப்பு என்ற தலைப்பின்கீழ், சிறைவாசிகளுக்குக் கிடைக்கும் பயனை முன்வைத்து எழுதுவதே சரி, அதுவே உண்மையும்கூட.

வெளிநாட்டு நன்கொடை என்றால் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப் பதிவு இன்றி ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவுள்ள ஒரு பெரிய நிறுவனம் வாங்கி உங்களுக்குப் பிரித்துத் தருவதும் நின்றுவிட்டது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. அரசு ஊழியர் ஒருவர் வெளிநாட்டில் தங்குமிடம், உணவு போன்ற விருந்தோம்பலை ஏற்க, அதே சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கெனத் தனிச் சான்றிதழ் இருக்கிறதாமே?

இருக்கிறது. நேஷனல் கமிஷன் ஆன் கரெக்ஷனல் ஹெல்த் கேர் என்னும் அமைப்பு தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. சிறைவாசியின் கடுமையான மருத்துவத் தேவையை வேண்டுமென்றே புறக்கணிப்பது அரசியலமைப்பு மீறல் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1976இல் சொன்ன பிறகு வளர்ந்த துறை அது. அந்தத் தேர்வின் பாடம் அந்நாட்டுச் சட்டத்தையும் தரவிதிகளையும் ஒட்டியது. பதிவேட்டு முறை, மருந்துக் கணக்கு, தற்கொலைத் தடுப்பு ஆகியவற்றுக்கு அவர்களுடைய அணுகுமுறையைப் படிக்கலாம். அரசுப் பணத்தில் கட்டணம் கேட்பதற்கு அது ஏற்றதல்ல.

நிதியே இல்லாமல் எதையாவது தொடங்க முடியுமா?

ஐகாட் கர்மயோகி, சுவயம் ஆகிய அரசுத் தளங்களில் பொது நிர்வாகம், மருத்துவமனை நிர்வாகம் சார்ந்த பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். மாவட்ட மனநலத் திட்டக் குழுவை மாதம் ஒரு மணி நேரம் சிறைக்கு அழைத்துப் பணியாளர்களுக்கு வகுப்பெடுக்கச் சொல்ல ஒரு கடிதம் போதும். இப்படி எதையாவது செய்து பதிவில் வைத்திருக்கும் சிறைக்கு, அடுத்த ஆண்டு நிதி கேட்கும்போது பேச ஒரு பொருள் இருக்கும்.

தமிழில் விண்ணப்பிக்கலாமா?

கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதவும் அதே மொழியில் பதில் பெறவும் வழி இருக்கிறது. உரிமைக் கடிதங்களுக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். நிதிக் கருத்துருவை மட்டும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ தருவது நல்லது. மொழிபெயர்ப்புக்குப் போன கோப்பு திட்டம் எழுதும் மாதத்தைத் தவறவிட்டுவிடும். பயிற்சி ஏடுகளைத் தமிழிலும் அச்சிடுவதற்கான செலவை அதே கருத்துருவில் ஒரு வரியாகக் கேட்கலாம்.

செலவுப் பட்டியலில் எவையெல்லாம் விடுபடுகின்றன?

மாற்றுப்பணிச் செலவுதான் முதலில். கிளைச்சிறையின் ஒரே மருந்தாளுநர் மூன்று நாள் வகுப்புக்குப் போனால், அந்த மூன்று நாளும் சர்க்கரை மாத்திரையையும் வலிப்பு மாத்திரையையும் யார் எடுத்துக் கொடுப்பது? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒருவரை அனுப்ப உத்தரவு வேண்டும். அவருடைய பயணப்படியும் வேண்டும். இதை எழுதாத கருத்துருவுக்கு நிதி கிடைத்தாலும், கண்காணிப்பாளர் ஆளை விடுவிக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பயிற்சி தரும் நிறுவனத்தின் சரக்கு சேவை வரியை அடுத்துப் பார்க்க வேண்டும். அரசுக்குத் தரப்படும் பயிற்சியின் மொத்தச் செலவில் 75 சதவீதமோ அதற்கு மேலோ அரசே ஏற்றால் வரிவிலக்கு உண்டு. பங்கு அதற்குக் கீழே போனால் விலக்கு போய்விடும். கூட்டு நிதியில் நடத்துபவர்கள் இந்தக் கணக்கை முன்பே போட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்கு எப்படி ஒப்படைக்க வேண்டும்?

மத்திய மானியத்துக்கு 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் பொருந்தும். நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் போக வேண்டும், நிறுவனங்களுக்கு ஜி.எஃப்.ஆர். 12-ஏ, மாநில அரசுகளுக்கு 12-சி படிவம். மானியத் தொகைக்கு வங்கியில் சேர்ந்த வட்டி உங்களுடையது அல்ல, இந்தியத் தொகுப்பு நிதிக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும். வருகைப் பதிவேடு, பயணச் சீட்டு, உணவு ரசீது மூன்றையும் வகுப்பு நடக்கும் நாளிலேயே வாங்கிவிடுங்கள்.

பயிற்சி பலன் தந்ததா என்று எதைக் கொண்டு காட்டுவது?

உள்ளே வந்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் படிவம் முழுமையாக நிரப்பப்பட்டவர்களின் விகிதம், சிகிச்சை இடையில் நின்ற காசநோயாளிகளின் எண்ணிக்கை, காலாண்டு மனநல அறிக்கை தேதிக்குள் போனதா என்பது, விடுதலையாகும்போது மருந்தும் சீட்டும் கையில் வாங்கிச் சென்றவர்களின் எண்ணிக்கை: இவை பதிவேட்டிலிருந்தே எடுக்கக் கூடியவை. பயிற்சிக்கு முந்தைய ஆறு மாத நிலையையும் எடுத்து வைத்தால்தான் ஒப்பிட முடியும். மரணங்களின் எண்ணிக்கையைப் பயிற்சியின் பலனாகக் காட்ட வேண்டாம்; ஒரு சிறையில் அந்த எண் மிகச் சிறியது, ஓராண்டு கூடுவதும் மறு ஆண்டு குறைவதும் எதையும் நிரூபிக்காது.

பயிற்சி பெற்றவர் சில மாதங்களில் மாற்றலாகிவிட்டால்?

அடிக்கடி நடப்பதுதான். சுகாதாரத் துறையின் மருத்துவர் மாற்றலானால் சிறைப் பணியையே விட்டுப் போய்விடுகிறார். சிறைத் துறையின் சொந்தப் பணியாளர் மாற்றலானாலும் வேறொரு சிறைக்குத்தான் போவார், கற்றது அங்கே பயன்படும். எனவே ஒரு மருத்துவ அலுவலரோடு ஒரு சிறைத் துறைப் பணியாளர் என இருவர் இருவராக அனுப்பக் கேளுங்கள். பயிற்சிக்குப் பின் இரண்டு ஆண்டு அதே பணியில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஆணையில் சேர்க்கத் துறை சம்மதிக்காவிட்டால், அங்கே இன்னும் அதிகக் காலம் பணி மீதமிருப்பவரின் பெயரையே பரிந்துரையுங்கள்.